பாளையைப் பார்த்தால் போதும்

சட்டைக்குப் பட்டன் போடும்போது உங்களுடைய எந்த விரல் முதலில் நகர்கிறது? கட்டை விரலா, ஆள்காட்டி விரலா? போட்டுப் பார்க்காமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். முடியவில்லை அல்லவா? சின்ன வயசிலிருந்து தினமும் செய்கிற காரியம். ஆனாலும் 'எப்படி?' என்று யாராவது கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறோம்.

இதே கேள்வியைக் கூடங்குளத்தில் ஒரு பனையேறி அண்ணாச்சியிடம் கேட்டேன். பட்டனைப் பற்றி அல்ல, அவர் சட்டையே போட்டிருக்கவில்லை. பாளை சீவுவதைப் பற்றி.

கூடங்குளம் என்றதும் எல்லோருக்கும் அணு உலைதான் ஞாபகம் வரும். அந்த வட்டாரத்தில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பனை இருக்கிறது. சீசனில் பனையேறி ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை அரிவாளால் லேசாகச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் போலீஸ் கேஸ். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ரொம்ப மெல்லிசாகச் சீவினால் சரியாகச் சுரக்காது. நடுவில் இருக்கிற அந்தக் கனத்துக்கு அளவுகோல் எதுவும் கிடையாது.

"எவ்வளவு கனத்துக்குச் சீவணும் அண்ணாச்சி?"

"சுரக்குற அளவுக்குத்தான்."

"மணிக்கட்டை எப்படித் திருப்பணும்?"

தன் கையைப் பார்த்தார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பது மாதிரி. "அதெல்லாம் யாரு பாத்தா? பாளையப் பாத்தா கை தன்னால போவும்லா. மேல இருக்கும்போது கையப் பத்தி யோசிச்சா, நேரே கீழதான் வரணும்."

இதையே கண்டுபிடிக்க ஒரு விஞ்ஞானிக்குக் கேமராவும் பல்புகளும் தேவைப்பட்டன. கூடங்குளத்து உலைகளைப் போல அவரும் ரஷ்யா. பெயர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன். 1920-களில் மாஸ்கோவில், சுத்தியலால் உளியை அடிக்கிற தொழிலாளிகளின் கையில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டிப் படம் பிடித்தார். கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் அடித்தார். ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் இரண்டு தடவை ஒரே மாதிரி அசையவில்லை! மூளை ஒரே உத்தரவைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை என்று ஆயிற்று. மனசில் இருப்பது கையின் படம் அல்ல, காரியம் எப்படி முடிய வேண்டும் என்கிற படம். அதற்குத் தகுந்தபடி கை அவ்வப்போது வழி பார்த்துக்கொள்கிறது. காற்றில் ஆடுகிற பனை உச்சியில் வேறு எப்படிச் சீவ முடியும்?

கையின் ஞாபகமும் வாயின் ஞாபகமும் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன என்பதையும் காட்டிவிட்டார்கள். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு வரையச் சொன்னார். மூன்று நாளில் கை பழகிவிட்டது. அவருக்கோ, முன்பு வரைந்ததே ஞாபகம் இல்லை!

ஆகவே அண்ணாச்சி நம்மிடம் எதையும் மறைக்கவில்லை. சொல்ல முடிகிற இடத்தில் அது இல்லை. எழுதி வைத்துக்கொள்ளலாம், வீடியோ எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, பக்கத்தில் நின்றுதான் போகும்.

அந்த இன்னொரு கைதான் இப்போது இல்லை. அண்ணாச்சியின் பையன் துபாயில். அவனைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்தால் முதுகெலும்பு போகிற தொழிலைக் கற்றுக்கொள் என்று ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். ஏறுவதற்குக் கருவிகள் வந்துவிட்டன, வாஸ்தவம். அவை ஆளை உச்சிக்குக் கொண்டுபோகும். பாளை சீவாது.

2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பனை பாளை விடப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அண்ணாச்சிகள் மரம் ஏறுகிற வயதைத் தாண்டிவிடுவார்கள்.

பக்கத்திலேயே வழி இருக்கிறது. அணுமின் நிலையத்தில் உலையை இயக்குகிறவர்களைப் புத்தகம் படிக்கவைத்து மட்டும் அனுப்பிவிடுவதில்லை. அசல் கன்ட்ரோல் ரூம் மாதிரியே ஒரு சிமுலேட்டர் வைத்துப் பழக்குகிறார்கள். பனைக்கும் அப்படித்தான் வேண்டும். குட்டையான நாலு மரம், இரண்டு அண்ணாச்சிகள், பத்துப் பையன்கள். எல்லோருக்கும் சம்பளம், இன்சூரன்ஸ். சிமுலேட்டர் செலவோடு ஒப்பிட்டால் இது பெட்டிக்கடைக் கணக்கு.