பெயின்ட் கடைசியில் அடிப்போம்!



நம் வகுப்பில் பாதிப் பேர் செல்போன் முகப்பில் பழைய ஜீப் படம்தான் வைத்திருக்கிறீர்கள். "ஒரு பழைய ஜீப்பைப் புடிச்சு, கருப்பு பெயின்ட் அடிச்சு, டயரைப் பெருசாக்கி மலை ஏறணும் மச்சி!" இந்தக் கனவு எனக்கும் உண்டு. தப்பே இல்லை. ஆனால் கையில் காசும் குறைவு, வேலையும் புதுசு என்கிற நம்மைப் போன்றவர்கள் பழைய ஜீப்பில் கை வைத்தால், முதல் ரூபாய் பிரேக்குக்கும் கடைசி ரூபாய் பெயின்ட்டுக்கும் போக வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இதைச் சொல்ல இவன் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அப்பா போடியில் ஜீப் டிரைவர். காலையில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டை கொண்டு போவார். சாயங்காலம் இறங்குவார். வண்டி முதலாளியுடையது. அவர் வண்டியை அழகாக வைத்திருந்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புது பெயின்ட், கண்ணாடி மேலே சாமி பெயர், பம்பரில் ஸ்டிக்கர். "மொதலாளி, பிரேக் மிதிச்சா கீழ போகுது" என்று அப்பா சொன்னால், "ஏலக்கா வெல ஏறட்டும், பாப்போம்" என்று பதில் வரும்.

நான் பத்தாவது படித்த வருஷம், ஒரு மழை நாள், இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. அப்பா கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கத்துப் பாறையில் உரசி நிறுத்தினார். தோள்பட்டை எலும்பு உடைந்தது. வண்டி மறுபக்கம் போயிருந்தால் நான் இன்று டிப்ளமோ படித்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்த வருஷத்துப் பெயின்ட் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

பிறகு ஆறு மாதச் சம்பளப் பாக்கிக்குப் பதிலாக அந்த ஜீப்பையே எங்கள் தலையில் கட்டினார் முதலாளி. வேப்பமரத்தடியில் நின்றது. கோழி முட்டையிட்டது. காயலாங்கடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அம்மா. நான் ஒரு வருஷம் தவணை கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிரீஸ் கையோட கெடக்கக் கூடாதுன்னுதான்டா ஒன்னயப் படிக்க வச்சேன்!" எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டறையில் கையாளாக நின்று சேர்த்த காசு மட்டும் இருந்தது.

எங்களுடையது எம்.எம்.540. மஹிந்திரா 1985-இல் கொண்டுவந்த வகை, பியூஜோ டீசல் இன்ஜின். 1941-இல் அமெரிக்காவில் போருக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசு. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், அதன்மேல் பாடி. புத்தகத்தில் படமாகப் பார்த்ததெல்லாம் ஸ்பேனர் போட்டால் கண்ணெதிரே வந்து நிற்கும். கற்றுக்குட்டிக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். துருவை மறைத்துப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா? இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 15 வருஷம் ஆனால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். நம் பட்ஜெட்டில் இது பெரிய பள்ளம்! இஷ்டத்துக்கு உருவத்தை மாற்றவும் முடியாது. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகப் பெரிய டயர் கனவு அங்கேயே பஞ்சர்.

இனி பிரேக். எங்கள் வண்டியில் நாலு சக்கரமும் ட்ரம் பிரேக். கழற்றினால் இரண்டு வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங்கெல்லாம் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்று வகுப்பில் சொன்னபோது மார்க்குக்காக எழுதிவைத்தேன். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சுடும், ஆயில் கொதிக்கும், குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். அப்பாவுக்கு அன்றைக்கு நடந்தது இதுவா, கசிவா, இரண்டுமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிய ரப்பர் கப்புகளைச் சுத்தமாக இருக்கட்டும் என்று டீசலில் கழுவி மாட்டினேன். இரண்டாம் நாள் சக்கரம் சுற்றவில்லை. டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடுமாம். பட்டறை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டா படிச்சவனே, பிரேக் ஆயில்லயே கழுவணும்டா!" மொத்த செட்டும் மறுபடி வாங்கினேன். ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைக் கூலி போயிற்று. பிறகு தூரமாக இருக்கும் பின் இடது சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, தம்பி பெடல் மிதிக்க, நான் கீழே படுத்து ஏர் எடுத்தேன்.

"இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு பிரேக் எதுக்குடா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் இன்ஜின் ஓடிவிட்டால் நம் கை சும்மா இருக்காது நண்பா. ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம் என்று தோன்றும். பதினெட்டு வயதில் அதை அடக்க முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் பிரேக் முடிந்த பிறகே ஹீட்டர் பிளக் வாங்கினேன்.

இன்னொன்று. கடைசி வருஷ ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, மேலே நம் பெயரை ஒட்டிச் சமர்ப்பிக்கிறோமே, அதுவும் ஆயுத பூஜை பெயின்ட்தான். கோபிக்காதீர்கள்! ஐந்து பேர் சேர்ந்து காயலாங்கடை ஜீப் ஒன்றை ஓட வைத்தால் அதையே ப்ராஜெக்டாக ஏற்க வேண்டும் என்று நம் பேரவை நிர்வாகத்திடம் கேட்கலாம்.

சென்ற மாதம் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஆர்.சி. வேலை இன்னும் பாக்கி. அதனால் ரோட்டுக்குப் போகவில்லை, வீட்டுக் களத்திலேயே இரண்டு சுற்று. பாதி துரு, பாதி பழைய பெயின்ட், பார்க்க சகிக்காது. மூன்று வருஷமாக அந்த வண்டிப் பக்கமே வராத அப்பா வந்து ஏறி உட்கார்ந்தார். பெடலை மூன்று தடவை மிதித்துப் பார்த்தார். மெதுவாக ஓட்டி, சட்டென்று நிறுத்தினார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே, "லேசா எடது பக்கம் இழுக்குதுடா" என்றார்.

வருகிற ஞாயிறு முன் இரண்டு ட்ரம்மையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.