சாய்ந்த காருக்குக் கட்டை வைப்போர்

என்னுடைய பழைய மொறிஸ் மைனர் சில மாதங்களாக வலப்பக்கம் சாய்ந்து நின்றது. புத்தூரிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றேன். குனிந்துகூடப் பாராமல் அங்கிருந்தவர் தீர்ப்பு வழங்கினார்: "பின் ஸ்பிரிங் இளகிப்போச்சு ஐயா. ஒரு கட்டை வைச்சால் நிமிர்ந்திடும்." இன்னொருவர் சொக் அப்சோபரை மாற்றச் சொன்னார். இருவருமே அளவுநாடாவைக் கையில் எடுக்கவில்லை.

நோயறியாமல் மருந்து கொடுக்கும் இந்த வழக்கத்தையே நான் கண்டிக்கிறேன்.

சொக் அப்சோபர் இந்த வண்டியின் பாரத்தைச் சுமப்பதில்லை. ஆட்டத்தை அடக்குவதே அதன் பணி. பாரத்தைத் தாங்குபவை முன்புறத்தில் ரோர்ஷன் பார் எனப்படும் இரு முறுக்குத் தண்டுகளும், பின்புறத்தில் இரு பட்டை ஸ்பிரிங்குகளுமே. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் வண்டி முழுவதும் சாயும். ஆகவே, தாழ்ந்து தெரியும் மூலைதான் பழுதான மூலை என்று முடிவுகட்ட இயலாது.

கண்டறியும் முறை கடினமானதன்று. வீதியோரச் சரிவில் நிறுத்திப் பார்க்கலாகாது. சமமான சீமெந்துத் தரை வேண்டும். ரயர்களில் காற்று இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். வண்டியை முன்னும் பின்னும் சிறிது உருட்டிவிட்டு, ஒவ்வொரு சில்லின் மையத்திலிருந்தும் மட்காட் விளிம்புவரை அளக்க வேண்டும். பின்னர், பின் அச்சின் நடுவில் ஜக் வைத்துப் பின்சில்லுகளைத் தரையிலிருந்து சற்றே உயர்த்த வேண்டும். அவ்வேளையில் எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. இப்போது சாய்வு மறைந்தால் குற்றம் பின்புறத்தில், மறையாவிடில் முன்புறத்தில்.

என் வண்டியின் சாய்வு மறையவில்லை. தாங்கிகளில் பத்திரமாக நிறுத்தி ஆராய்ந்தபோது, வலது முறுக்குத் தண்டின் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம் துருவால் அரிக்கப்பட்டிருந்தது. தட்டியதும் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. பின்னால் ஒரு கட்டை வைத்திருந்தால் வண்டி நிமிர்ந்திருக்கும். ஆபத்தோ மறைந்தே வளர்ந்திருக்கும்.

1990க்குப் பின்னரான பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். உதிரிப்பாகம் கிடையாத அந்நாளில் ஒட்டுவேலை நம்மை வாழவைத்தது. அக்கைவினைஞர்களை நான் என்றும் வணங்குவேன். ஆனால் போர் முடிந்தது 2009இல். மைனருக்கான பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் செய்யப்படுகின்றன. அன்றைய நிர்ப்பந்தத்தை இன்றைய சோம்பலுக்குச் சாட்சியாக அழைப்பது, அந்தக் கைகளுக்குச் செய்யும் அவமதிப்பு.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, பழைய கார்களின் விலை உயர்ந்தே இருந்தது. அக்காலத்தில் புதுச்சாயமும் நிமிர்ந்த தோற்றமும் கண்டு பணம் கொடுத்தோர் பலர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேராக நிற்கும் காரையும் ஒருமுறை அளந்து பாருங்கள், அதன் அடித்தளத்தைத் தட்டிப் பாருங்கள். அதில் அமர்ந்து பயணம் செய்வது உங்கள் பிள்ளைகள்.