ஒப்புதல் கடிதமும் மாநிலக் கருவூலமும்

அரசியலமைப்பின் 293ஆம் உறுப்பு மாநில அரசுக்குக் கடன் வாங்கும் அதிகாரத்தை முதல் பிரிவில் வழங்குகிறது. மாநிலத் தொகுநிதியைப் பிணையாக வைத்து, சட்டமன்றம் விதிக்கும் வரம்புக்குள், இந்திய எல்லைக்குள் கடன் திரட்டலாம். ஆனால் ஒன்றிய அரசு கொடுத்த கடனோ, அது பொறுப்பேற்ற கடனோ ஒரு பகுதியேனும் நிலுவையில் இருந்தால், அதன் ஒப்புதலின்றிப் புதுக் கடன் எழுப்பக் கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. அந்த ஒப்புதலுக்கு நிபந்தனை விதிக்கலாம் என்கிறது நான்காம் பிரிவு. கடன் வரம்பு பற்றி இந்தியாவில் நடக்கும் கட்சிச் சண்டைகள் பெரும்பாலும் கடைசி இரண்டு பிரிவுகளைச் சுற்றியே நடக்கின்றன.

உலகம் நன்கறிந்த கடன் வரம்புச் சண்டை அமெரிக்காவினுடையது. 1917இல் போர்க் கடனுக்காக இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வளர்ந்து, 1939இல் மொத்தக் கடனுக்கான ஒற்றை வரம்பாக அது உருவெடுத்தது. நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் தருவதா வேண்டாமா என்று அதே நாடாளுமன்றம் மறுபடி வாக்கெடுக்கும் விநோதம் அங்கே உண்டு. 2011 ஆகஸ்டில் கடைசி நேரத்தில் உடன்பாடு வந்தும், சில நாள்களில் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் கடன் தர மதிப்பீட்டைக் குறைத்தது. 2023இல் இழுபறி முடிந்து இரண்டே மாதத்தில் ஃபிட்ச் அதையே செய்தது. அங்கே சண்டை நாடாளுமன்ற மேடையில் நடக்கிறது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பது பதிவாகிறது. இங்கே வாக்கெடுப்பு இல்லை. நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையிலிருந்து ஒரு கடிதம் வரும், அல்லது வராது.

ஒன்றிய அரசின் கடனுக்கு 292ஆம் உறுப்பு பொருந்தும். நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு விதித்தால் அதற்குள் அது கடன் வாங்க வேண்டும். நாடாளுமன்றம் இதைப் பொறுப்போடு செய்யும் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எதிர்பார்ப்பை வெளியிட்டார். கறாரான தொகை வரம்பு இன்றுவரை வரவில்லை. 2003இன் நிதிப் பொறுப்புச் சட்டம் இலக்குகளைத்தான் வைத்தது. 2018 திருத்தம் ஒன்றிய அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. கொரோனாவுக்குப் பின் அது எட்டாத இலக்காயிற்று. தண்டனை ஏதும் இல்லை, விளக்கம் தந்தால் போதும். தனக்கு இலக்கு, மாநிலத்துக்கு உச்சவரம்பு என்ற இந்த ஏற்பாடே சண்டைக்கு முதல் விதை.

இரண்டாவது விதை, 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருந்தும் அரசியலமைப்பில் விடுபட்டுப்போன ஒரு வாசகம். 293இன் முன்னோடியான அச்சட்டத்தின் 163ஆம் பிரிவும் மாகாணங்களின் கடனுக்குக் கூட்டாட்சியின் ஒப்புதலைக் கேட்டது. ஆனால் ஒப்புதலைக் காரணமின்றி மறுக்கக் கூடாது, நியாயமற்ற நிபந்தனை விதிக்கக் கூடாது, தகராறு வந்தால் கவர்னர் ஜெனரல் தீர்ப்பார் என்ற காப்பும் அதில் இருந்தது. சுதந்திர நாட்டின் அரசியலமைப்பு ஒப்புதலை வைத்துக்கொண்டு காப்பை விட்டுவிட்டது. காலனி ஆட்சியின் சட்டம் மாகாணத்துக்குத் தந்த பாதுகாப்பு குடியரசில் மாநிலத்துக்கு இல்லை என்பது, எந்தக் கட்சியின் பக்கம் நின்று பார்த்தாலும், உறுத்தலான செய்தி.

ஒன்றிய அரசிடம் கடன் நிலுவை இல்லாத மாநிலத்துக்கு ஒப்புதல் தேவையே இல்லை. 12ஆவது நிதிக்குழு, ஒன்றிய அரசு இடைத்தரகராக நின்று மாநிலங்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தி, மாநிலங்கள் நேரே சந்தைக்குப் போகட்டும் என்று பரிந்துரைத்தபோது, பழைய நிலுவைகள் கரையக் கரைய மூன்றாம் பிரிவின் பிடியும் தளரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. நடந்தது வேறு. 2020-21இல் தொடங்கிய மூலதனச் செலவுக்கான சிறப்புக் கடன் வட்டியில்லாதது. தவணைக் காலம் 50 ஆண்டு. 2024-25 ஒன்றிய பட்ஜெட் இதற்கு 1.5 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியது. வட்டியில்லாப் பணத்தை எந்த நிதிச் செயலர் வேண்டாம் என்பார்? ஆனால் அதைப் பெறும் மாநிலம் அரை நூற்றாண்டுக்கு மூன்றாம் பிரிவுக்குள் இருக்கிறது. அந்தக் கடனை வரவேற்கும் பட்ஜெட் உரைகளில் இந்த விலை இடம்பெறுவதில்லை.

நடைமுறை, கருவூலத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, மாநில மொத்த உற்பத்தியின் மதிப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு நிகரக் கடன் உச்சவரம்பாக அறிவிக்கப்படும். 15ஆவது நிதிக்குழுவின் கணக்கில் அது 2021-22க்கு 4, அடுத்த ஆண்டுக்கு 3.5, பிறகு 3 விழுக்காடு. மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் மேலும் 0.5. ஆண்டுத் தொடக்கத்தில் வருவது வழக்கமாக டிசம்பர் வரையான ஒன்பது மாதத்துக்கான ஒப்புதல். மீதி ஜனவரியில். ரிசர்வ் வங்கியின் மாநிலப் பத்திர ஏலம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. மறுநாள் பணம் கணக்கில் ஏறும். ஒப்புதல் இல்லாத தொகைக்கு ஏலம் இல்லை. கடிதம் தாமதமாகும் செவ்வாய்களில் மாநிலம் ரிசர்வ் வங்கி தரும் குறுகியகால வழிவகை முன்பணத்தில் ஓடும். அதுவும் தீர்ந்தால் ஓவர்டிராஃப்ட். தொடர்ந்து 14 வேலைநாள், ஒரு காலாண்டில் 36 வேலைநாள் என்ற எல்லையைத் தாண்டினால் வங்கி பட்டுவாடாவை நிறுத்திவிடலாம். ஆக, ஒரு கடிதம் இரண்டு வாரம் தாமதித்தால் ஒப்பந்தக்காரர் பில் தேங்கும், உள்ளாட்சி மானியம் தள்ளிப்போகும், மார்ச் மாதத்தில் எல்லா மாநிலங்களும் ஒரே ஏலத்தில் முண்டியடிக்கும்போது வட்டி ஏறும். எந்தச் சட்டமன்றமும் விவாதிக்காத செலவு இது.

இந்தத் தேக்கம் வழக்காக வெடித்தது கேரளத்தில். 2022 மார்ச்சில் ஒன்றிய நிதி அமைச்சகம், மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கி மாநில பட்ஜெட்டிலிருந்து திருப்பிச் செலுத்தப்படும் கடன்களை மாநிலத்தின் சொந்தக் கடனாகவே கணக்கிடப்போவதாக அறிவித்தது. கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமும், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கென அமைத்த நிறுவனமும் வாங்கிய கடன்கள் உச்சவரம்பிலிருந்து கழிக்கப்பட்டன. கருவூல வைப்புகள் உள்ளிட்ட பொதுக் கணக்கு இருப்பும் அதே கணக்கில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் 131ஆம் உறுப்பின்கீழ் கேரளம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 பிப்ரவரி 8 அன்று முதல்வர் பினராயி விஜயன் தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்தினார். எதிர்க்கட்சி முதல்வர்கள் சிலர் உடன் நின்றனர். பேச்சுவார்த்தையில் 13,608 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தரத் தயார், ஆனால் வழக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒன்றிய அரசு கேட்டதை நீதிமன்றமே ஏற்கவில்லை. உரிமையா இல்லையா என்று கேட்டு நீதிமன்றத்துக்குப் போனவரிடம், கேட்காமல் இருந்தால் பணம் தருகிறேன் என்பது நிதி நிர்வாகம் ஆகாது.

2024 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு கேரளம் கேட்ட இடைக்கால நிவாரணத்தை மறுத்தது. முந்தைய ஆண்டுகளில் கூடுதலாக வாங்கிய கடனைப் பின்வரும் ஆண்டுகளில் சரிக்கட்டலாம் என்ற வாதத்தில் முதல் பார்வைக்குப் பொருள் இருப்பதாகக் கருதியது. 293 மாநிலத்துக்கு நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க உரிமை தருகிறதா, பொதுத்துறை நிறுவனங்களின் கடனும் பொதுக் கணக்குப் பொறுப்புகளும் மூன்றாம் பிரிவுக்குள் வருமா என்ற கேள்விகளை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. அந்த உறுப்பு இதுவரை விரிவான தீர்ப்பைச் சந்தித்ததே இல்லை.

ஒன்றிய அரசின் பக்கத்தில் நியாயமே இல்லை என்பது சரியல்ல. பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கி பட்ஜெட்டிலிருந்து அடைக்கும் கடன் கடன்தான். கேரள வாரியத்தின் கடன்களைக் குறித்துத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே கடுமையாக எழுதியது. ஆனால் இந்திய உணவுக் கழகத்தின் மானியச் சுமையைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடனாக வாங்க வைத்துத் தன் பற்றாக்குறையைச் சிறிதாகக் காட்டி வந்த ஒன்றிய அரசும் 2021 பட்ஜெட்டில்தான் அதைத் தன் கணக்குக்குள் கொண்டுவந்தது. அதுவரை அதன் வரம்பிலிருந்து அதைக் கழிக்க மேலே யாரும் இல்லை.

எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே எவ்வளவு பெரிய கேள்வி என்று சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் காட்டியது. 63,246 கோடி ரூபாய்த் திட்டம். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் ஒன்றிய உள்துறை அமைச்சர். ஆயினும் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர் 3இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது மாநிலத் திட்டமாகவே நடந்தது. ஜப்பான் முதலிய இடங்களிலிருந்து வந்த கடன் தமிழ்நாட்டின் உச்சவரம்பைத் தின்றது. ஒப்புதலுக்குப் பின் 33,593 கோடி ரூபாய்க் கடன் முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பாயிற்று. சுரங்கம் அதே சுரங்கம், கடன் கொடுத்தவர்களும் அவர்களே. மாறியது பேரேட்டின் பக்கம் மட்டும். 2026 மார்ச் இறுதியில் தமிழ்நாட்டின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடி, மாநில உற்பத்தியில் 26.07 விழுக்காடு இருக்கும் என்ற பட்ஜெட் மதிப்பீட்டைக் கட்சிகள் மேடைக்கு மேடை எடுத்து வீசும்போது, பேரேட்டுப் பக்கம் பற்றிய இந்த விவரம் இரு தரப்புக்கும் வசதிப்படுவதில்லை.

தலைநகர் தில்லியின் நிலை இன்னும் இறுக்கமானது. அது மாநிலம் இல்லாததால் 293இன் அரைகுறை உரிமைகூட இல்லை. புதுச்சேரி 2007இல் தனிப் பொதுக் கணக்கு பெற்றுச் சந்தைக்கு வந்தது. தில்லி அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஒன்றிய அரசிடம் மட்டுமே கடன் கேட்க முடிந்தது. ஓய்வூதியத்தையும் காவல் துறையையும் ஒன்றிய அரசு சுமப்பது அதற்கு ஈடு என்று சொல்லப்படும்; கணக்கில் அது உண்மையும்கூட. ஆனால் பிடி எங்கே இருக்கிறது என்பது 2023 மார்ச் 21 அன்று தெரிந்தது. அன்று தாக்கலாக வேண்டிய தில்லி பட்ஜெட், உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வராமல் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. விளம்பரச் செலவு பற்றி அமைச்சகம் விளக்கம் கேட்டது. ஆம் ஆத்மி அரசு கோப்பைத் தலைமைச் செயலர் மறைத்துவிட்டார் என்றது. 2024 இறுதியில் சிறுசேமிப்பு நிதியிலிருந்து சுமார் 10,000 கோடி ரூபாய்க் கடன் கேட்பதா என்பதில் அந்த அரசும் அதன் நிதித் துறை அதிகாரிகளுமே எதிரெதிராக நின்றார்கள்.

இவ்வளவும் ஒரு குடிசைப் பகுதியில் எப்படி வந்து இறங்குகிறது என்பதற்கு ஜங்புராவின் மதராசி கேம்ப் சாட்சி. 1960களின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பாராபுல்லா வடிகாலோரம் கட்டிக்கொண்ட சுமார் 370 வீடுகள் தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். வீடு கிடைத்தது நகரின் வட கோடியிலுள்ள நரேலாவில். இடித்ததற்குக் காரணம் கடன் வரம்பு அல்ல; வடிகால், ஆக்கிரமிப்பு, நீதிமன்ற உத்தரவு. ஆனால் மாற்று வீடு ஏன் அவ்வளவு தொலைவில் என்ற கேள்விக்கான விடையில் பேரேடுகள் இருக்கின்றன. நகர நிலத்தின் பெரும்பகுதி ஒன்றிய அரசின் கீழுள்ள வளர்ச்சி ஆணையத்திடம். குடிசை மேம்பாட்டு வாரியம் தில்லி அரசுடையது. ஒன்றிய நகர்ப்புறத் திட்டத்தில் இருவர் பணத்திலும் நகர விளிம்புகளில் எழுந்த அடுக்குமாடிகள், யாருக்குக் கொடுப்பது என்ற இழுபறியில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. இருக்கிற இடத்திலேயே கட்டித் தர நிலமும் தன் கையில் இல்லை, கடனும் தன் கையில் இல்லை என்ற அரசுக்குக் கட்டி முடித்துக் காலியாய்க் கிடக்கும் வீடுதான் மலிவு. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது மூன்றாவது பேரேடு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. அந்த இழப்புக்கு மூன்று பேரேட்டிலும் பத்தி இல்லை.

சாசன அமர்வின் தீர்ப்பு எப்போது வந்தாலும், அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. உச்சவரம்பு வேண்டாம் என்று எந்தப் பொறுப்புள்ள நிதித் துறையும் கேட்காது. கேட்க வேண்டியது, விண்ணப்பித்து இத்தனை நாளுக்குள் முடிவு, மறுத்தாலும் குறைத்தாலும் எழுத்தில் காரணம், தகராறைக் கேட்க அமைச்சகத்துக்கு வெளியே ஒரு மன்றம். 1935இன் சட்டத்தில் இருந்த காப்பைக் காலத்துக்கேற்பத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். அதற்கு நிதிக்குழுவோ மாநிலங்களிடை மன்றமோ இடமாகலாம். நிறுவனக் கடன்களை மாநிலங்களும் மறைக்காமல் பட்ஜெட் இணைப்பில் காட்டத் தொடங்கினால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும். முதல் வேலை கருவூலத் துறையினர் கையில் இருக்கிறது: உச்சவரம்புக்கு விண்ணப்பித்த நாள், ஒப்புதல் வந்த நாள், கேட்ட தொகை, கிடைத்த தொகை ஆகியவற்றை ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் பட்ஜெட் ஆவணங்களோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இதற்கு 293ஆம் உறுப்பின்கீழ் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.