குற்றமற்ற மரப்பாவை

பழைய கார்ட்டூன் படங்களை நடிகர்களைக் கொண்டு மறுபடியும் எடுப்பது டிஸ்னி நிறுவனத்தின் பெருவணிகமாகிவிட்டது. 2015-இல் சிண்ட்ரெல்லா, 2025-இல் ஸ்னோ ஒயிட் என்று வரிசை நீள்கிறது. வணிகர் வணிகம் செய்வதில் நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு ஒரே படத்தின்மீது. 2022 செப்டம்பர் 8 அன்று, ஆம், நம் ஆரோக்கிய அன்னையின் திருவிழா நாளன்று, இணையவழி வெளியான ராபர்ட் செமெக்கிஸின் 'பினோக்கியோ' அது. நல்ல படம் என்று நம்பி நம் பெற்றோர் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது இத்தகைய படங்களைத்தான். அதனாலேயே பேசவேண்டியிருக்கிறது.

கதையை எழுதிய கார்லோ கொலோதி இத்தாலி நாட்டவர். இளமையில் குருமடத்தில் பயின்றவர். 1881-இல் சிறுவர் இதழொன்றில் தொடராகத் தொடங்கி, 1883-இல் நூலாக வந்தது. அவருடைய மரப்பாவை அப்பாவி அன்று. அறிவுரை கூறிய சுவர்க்கோழியைச் சுத்தியலால் அடித்துக் கொல்கிறான். தந்தை ஜெப்பெத்தோ தம் மேலங்கியை விற்று வாங்கித் தந்த அரிச்சுவடியை, பொம்மலாட்டம் பார்ப்பதற்காக நான்கு காசுக்கு விற்றுவிடுகிறான். பொய் சொல்லி நீண்ட மூக்கினால் அறையைவிட்டு வெளியேற இயலாது அழுகிறான். தேவதை அவனைச் சிறிது நேரம் அழவிட்ட பின்னரே, ஆயிரம் மரங்கொத்திகளை அழைத்து மூக்கைக் கொத்திக் குறைக்கச் செய்கிறாள். அந்த அழுகைக்கு அவள் இடம் கொடுத்தாள் என்பதை மறக்கலாகாது.

புதிய படத்தில் நிகழ்வது என்ன? பினோக்கியோ ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்கிறான். மரப்பொம்மை என்பதற்காகத் தலைமையாசிரியர்தாம் அவனை வெளியே தள்ளுகிறார். களியாட்டத் தீவில் 1940-ஆம் ஆண்டுப் படத்துச் சிறுவன் பீர் குடித்தான். இவனுக்குக் கிடைப்பது மதுவற்ற 'ரூட் பீர்'. உச்சமான மாற்றம் மூக்கில் நேர்ந்திருக்கிறது. கூண்டில் அடைபட்டவன், எட்டாத சாவியை எட்டுவதற்காகவே பொய் சொல்லி மூக்கை வளர்த்துக்கொள்கிறான்! பொய் விடுதலைக்குக் கருவியாயிற்று. அதைக் கண்டு சிரிக்கும் பிள்ளையிடம், அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் மறைக்கல்வி ஆசிரியை எதைச் சொல்வார்?

இறுதியில் அவன் மெய்யான சிறுவன் ஆனானா என்பதைக்கூடப் படம் உறுதியாகச் சொல்வதில்லை. உள்ளத்தில் அவன் ஏற்கெனவே மெய்யானவன்தானாம். "பிள்ளையை உள்ளபடியே ஏற்றுக்கொள்வதுதானே அன்பு?" என்பர் சிலர். அதில் உண்மையும் உண்டு. ஊதாரி மைந்தனின் தந்தை குளித்து வா என்று சொல்லவில்லை, ஓடிச் சென்று தழுவினார். ஆயினும் அம்மைந்தன் பன்றிகளிடையே அறிவு தெளிந்து எழுந்து நடந்தவன். தவறே செய்யாத மகனுக்கு அத்தழுவலின் பொருள் எங்ஙனம் விளங்கும்? பழியனைத்தையும் தலைமையாசிரியர்மீதும் நரியின்மீதும் ஏற்றிவிட்டால், மன்னிப்பதற்கு அங்கே என்ன மீதியிருக்கிறது?

திருச்சபை இக்கதையைச் சிறுபிள்ளை விளையாட்டாக எண்ணவில்லை. பின்னாளில் திருத்தந்தை முதலாம் யோவான் பவுல் ஆன அல்பினோ லூச்சியானி, 1976-இல் வந்த தம் கடித நூலில் பினோக்கியோவுக்கும் ஒரு மடல் வரைந்தார். பின்னர்ப் பொலோஞ்ஞா நகரின் பேராயராகிக் கர்தினாலான ஜாக்கோமோ பீஃபி, 1977-இல் இக்கதைக்கு இறையியல் விளக்கமாக ஒரு முழு நூலே எழுதினார். படைத்தவரைவிட்டு ஓடிய படைப்பு அவரிடமே திரும்பும் வரலாற்றை அவர் இதில் கண்டார்.

மறுபடியும் எடுப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. 2019-இல் மத்தேயோ கர்ரோனே இத்தாலியில் நடிகர்களைக் கொண்டே இதனை எடுத்தார். ராபர்த்தோ பெனிஞ்ஞி ஜெப்பெத்தோவாக நடித்தார். அங்கே பாவையின் குறும்பும் கொடுமையும் மழுங்கவில்லை.

படம் காட்டுவதற்கு முன்னர்ப் பெற்றோர் நூலின் கடைசிப் பக்கங்களையேனும் வாசித்துக்காட்டட்டும். நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பாலுக்காகப் பினோக்கியோ ஏற்றம் இறைக்கிறான்; கூடை முடைகிறான். தனக்குச் சட்டை வாங்கச் சேர்த்த நாற்பது காசையும் பிணியுற்ற தேவதைக்கு அனுப்பிவிடுகிறான். அன்றிரவு கனவில் மன்னிப்புப் பெற்று, விடியலில் சிறுவனாய் விழிக்கிறான். அடுத்த அறையில், நாற்காலியொன்றில் சாய்ந்து கால்கள் துவண்டு கிடக்கிறது அந்தப் பழைய மரப்பாவை. அவன் நின்று அதனைப் பார்க்கிறான்.