தண்டவாளம் தானாக வளைவதில்லை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை நம் இளைய தோழர்கள் அடிமை முறையில் தொடங்கி, உள்நாட்டுப் போரைத் தாண்டி, நேராக மார்ட்டின் லூதர் கிங்கிடம் வந்து சேர்கிறார்கள். நடுவில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த நூறு ஆண்டுகளுக்குள்தான் கான்சாஸ் மாநிலத்துப் புல்வெளியில் நிகோடிமஸ் என்றொரு ஊர் இருக்கிறது.

ஊர் தோன்றியது 1877இல். போருக்குப் பின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை ஒன்றிய அரசு கைகழுவிய அதே ஆண்டு. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை நில வணிகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து ஊர் நிறுவனம் தொடங்கி, கென்டக்கியில் துண்டறிக்கை கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை சொந்தம். நேற்றுவரை விற்கப்பட்ட மனிதருக்கு இந்த வாக்குறுதி எப்படி ஒலித்திருக்கும்!

துண்டறிக்கையில் இருந்த ஊர் தரையில் இல்லை. 1878இல் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று தேடியிருக்கிறார். கணவர் கைகாட்டிய இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மக்கள் நிலத்தைக் குடைந்து அதற்குள் வாழ்ந்தார்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரயில் நிலையம் இருந்த எல்லிஸ் சுமார் 35 மைல் தொலைவு. முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பூர்வகுடிகள் இறைச்சி கொடுத்து உதவியதாக ஊரார் சொல்வழக்கு. அந்த ஓசேஜ் மக்களே சில ஆண்டுகளுக்கு முன்புதான் கான்சாசிலிருந்து அகற்றப்பட்டவர்கள். பூர்வகுடிகளிடம் பறித்த நிலத்தைத்தான் அரசு 160 ஏக்கராக வெட்டிப் பங்கு போட்டது. இந்த இடத்தை வேகமாகக் கடந்து போய்விடக் கூடாது.

பத்தே ஆண்டுகளில் அந்த மண் குழிகளின் மேல் தேவாலயங்கள், பள்ளிக்கூடம், கடைகள், தங்கும் விடுதி, வங்கி, இரண்டு செய்தித்தாள்கள். இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலம் இருந்தது, வாக்கு இருந்தது, பத்திரிகை இருந்தது. இனி ரயில் வந்தால் போதும். விளைந்த கோதுமையை மாட்டு வண்டியில் எத்தனை மைல்தான் இழுப்பது?

1887இல் மிசௌரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் கொடுக்க ஊரார் வாக்களித்தார்கள். அப்படியும் அந்தத் தண்டவாளம் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக், சாலமன் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளிப் பாதை போட்டது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. வணிகர்கள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். செய்தித்தாள்களும் நின்றன.

'ரயில் வரவில்லை, ஊர் தேய்ந்தது' என்று இதை ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். மழை பொய்த்தது என்பதைப்போல. அந்த வரியில் முடிவெடுத்தவர் யாருமே இல்லை. கம்பெனிகள் எத்தனையோ வெள்ளையர் ஊர்களையும் இப்படிக் கைவிட்டன. ஆகவே எல்லாவற்றையும் நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லில் நான் அடைக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கொடுக்க மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. பாதை எங்கே போக வேண்டும் என்று கேட்கப்படவில்லை. அது கம்பெனியின் மேசையில் முடிவானது. நில உரிமை பேசும் நாம், அந்த நிலத்துக்குச் சாலையும் தண்ணீரும் சந்தையும் எந்த மேசையில் முடிவாகின்றன என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

துண்டறிக்கை கொடுத்த ஹில் என்ன ஆனார்? சற்று மேற்கே தன் பெயரிலேயே ஹில் சிட்டி என்று இன்னொரு ஊர் அமைத்தார். ரயில் அங்கே போனது. மாவட்டத் தலைநகரும் அதுதான்.

நிகோடிமசில் கடை வைத்திருந்தவர்கள் போனார்கள்; நிலம் வைத்திருந்தவர்கள் பலர் போகவில்லை. 1996இல் அந்த ஊர் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில், வெளியூர்களில் வாழும் வாரிசுகள் அங்கே கூடுகிறார்கள். ரயிலில் அல்ல, காரில்தான் வருகிறார்கள்.