கண்டுக்காமல் விட்டால் அடங்கிடுமா?

வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் சேட்டை செய்தால், "கண்டுக்காதீங்க சார், தானா அடங்கிடுவான்" என்பார்கள் சக ஆசிரியர்கள். நானும் பல வருஷம் அதை நம்பியவன்தான். நேற்று லூனாவின் கதையை மறுபடி படித்தபோது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

லூனா ஒரு ஓர்க்கா. திமிங்கலம் என்கிறோமே தவிர, டால்பின் குடும்பத்திலேயே பெரியது அதுதான். கனடாவின் மேற்குக் கரையோரம் வாழும் கூட்டங்களில் ஆண் குட்டிகள் வளர்ந்து ஆளான பிறகும் தாயை விட்டுப் போவதில்லை. கடைசிவரை அம்மா பக்கம்தான். (நம்ம ஊர் மருமகள்கள் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது!) அப்படிப்பட்ட இனத்தில் 1999-ல் பிறந்த லூனா, 2001-ல் வான்கூவர் தீவின் நூட்கா சவுண்ட் என்ற கடற்குடாவில் தன்னந்தனியாக வந்து நின்றான்.

மீன் பிடித்துச் சாப்பிட அவனுக்குத் தெரிந்திருந்தது. துணைக்குத்தான் ஆள் இல்லை. அதனால் படகுகளைத் தேடி வந்தான். உரசினான், தலையைத் தூக்கி மனிதர்களின் முகத்தைப் பார்த்தான், தடவிக் கொடுத்தால் அங்கேயே நின்றான். அரசு என்ன செய்தது? அவனோடு பழகக் கூடாது என்றது. தடவிய ஒரு பெண்மணிக்கு அபராதமும் போட்டார்கள். மனிதரிடம் ஒட்டிக்கொண்டால் அவனுக்கே ஆபத்து என்பது அவர்கள் நியாயம். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் ஒதுங்க ஒதுங்க அவன் இன்னும் நெருங்கி வந்தான். படகுகளின் சுக்கானை உடைத்தான். சில மீனவர்களுக்குக் கோபம் வந்தது.

2004-ல் அவனைப் பிடித்துக் குடும்பத்தோடு சேர்க்க முயன்றார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மொவாசாட் முச்சலாட் மக்கள் ஒப்பவில்லை. இறந்துபோன தங்கள் தலைவர் அம்ப்ரோஸ் மக்கின்னாவின் ஆவி அவனிடம் இருப்பதாக நம்பினார்கள். ஓடங்களில் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டுப் போனார்கள். லூனா அவர்கள் பின்னாலேயே போய்விட்டான்! வலையோடு காத்திருந்தவர்கள் கடைசியில் கைவிட்டார்கள்.

அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கோபமெல்லாம் கடந்துபோன மூன்று வருஷத்தின் மேல்தான். சியாட்டில் அருகே இதேபோல் தனித்துக் கிடந்த ஸ்பிரிங்கர் என்ற பெண் குட்டியை 2002-லேயே பிடித்து, வடக்கே கொண்டுபோய்க் கூட்டத்தில் விட்டார்கள். அது ஒட்டிக்கொண்டது. 2013-ல் அதுவே ஒரு குட்டிக்குத் தாயாகவும் ஆனது. அங்கே முடிந்தது இங்கே ஏன் தள்ளிப்போனது? சரி, சேர்க்கத்தான் முடியவில்லை, பொறுப்பான நாலு பேரையாவது ஒரு படகில் தினமும் துணைக்கு அனுப்பியிருக்கலாமே? 'கிட்டப் போகாதே' என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, அந்தக் குட்டி யாரிடம் போகும் என்று யோசிக்கவில்லையே!

உடனே "அப்போ எல்லோரும் போய்த் தடவலாமா சார்?" என்று கேட்காதீர்கள். 2022-ல் ஆஸ்லோவுக்கு ஃப்ரேயா என்ற வால்ரஸ் வந்தது. சுமார் 600 கிலோ. அதற்கு வேண்டியதெல்லாம் படகில் ஏறிப் படுக்க ஓர் இடம். கூட்டம் பிள்ளைகுட்டிகளோடு நெருங்கிப் போய்ப் படம் பிடித்தது. எச்சரிக்கை எதையும் கேட்கவில்லை. மக்களுக்கு ஆபத்து என்று ஆகஸ்டில் அதிகாரிகள் அதைக் கொன்றார்கள். மறு வருஷம் வெண்கலச் சிலை வைத்தார்கள். ஃப்ரேயா யாரையும் கூப்பிடவில்லை, லூனா கூப்பிட்டான். இரண்டுக்கும் ஒரே சட்டமா?

2006 மார்ச் 10. ஜெனரல் ஜாக்சன் என்ற இழுவைக் கப்பல் குடாவுக்குள் வந்து நின்றிருந்தது. லூனா வழக்கம்போல விளையாட அதன் அருகே போனான். விசிறியில் சிக்கி இறந்தான். ஆறு வயது.

என் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். ஒரு மாதம் நான் கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தேன். ஜன்னல் கண்ணாடிதான் உடைந்தது. பிறகு தினமும் சாக்பீஸ் டப்பாவும் வருகைப் பதிவேடும் தூக்கிக்கொண்டு என் கூடவே நடக்கச் சொன்னேன். இப்போது பஸ் ஓட்டுகிறான். தெருவில் என்னைப் பார்த்தால் இரண்டு தடவை ஹாரன் அடிக்காமல் போக மாட்டான்.