டாக்டர், வாய் திறந்து பேசுங்கள்!

"அந்த டாக்டர் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் படித்த படிப்பை யாரும் சொல்வதில்லை. "தங்கமான மனுசனுங்க. நிதானமாகப் பேசினார். பாதி நோய் அங்கேயே போய்விட்டது" என்பார்கள். அல்லது, "முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று சலித்துக்கொள்வார்கள்.

இது வெறும் மனக்குறை அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்!

லாரிக்காரரின் இரவு

நாமக்கல், லாரிகளின் ஊர். அங்கே ஒரு லாரி டிரைவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்" என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. இரவில்தான் அவர் வண்டி ஓட்டுகிறார். 8 மணிக்கு மாத்திரையை விழுங்குகிறார். சாப்பாடு? வழியில் ஓட்டல் வரும்போது! மணி 11 ஆகலாம், 12-ம் ஆகலாம்.

சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். உடல் வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், மயக்கமும் வரும். வண்டி ஓட்டும்போது அது வந்தால்?

மாத்திரை மேல் குற்றம் இல்லை. "என்ன வேலை? எப்போது சாப்பிடுவீர்கள்?" என்று டாக்டர் கேட்கவில்லை. "நான் ராத்திரி வண்டி ஓட்டுறவனுங்க" என்று அவரும் சொல்லவில்லை. பேச்சு குறைந்தது, ஆபத்து வளர்ந்தது!

நேரம் எங்கே?

"வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள். பேச நேரம் ஏது?" என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயம்தான். 67 நாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2017-ல் வெளியாயிற்று. டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம், சுவீடனில் சராசரி 22 நிமிடத்துக்கு மேல். வங்காள தேசத்தில் 48 வினாடி! இந்தியாவில் சுமார் 2 நிமிடம்.

சுவிட்சர்லாந்தில் டாக்டர்கள், நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டுப் பார்த்தார்கள். அதன் முடிவு 2002-ல் வெளிவந்தது. நோயாளிகள் சராசரி 92 வினாடியில் தாங்களே பேச்சை முடித்துக்கொண்டார்கள். ஒன்றரை நிமிடம்தான்! அதைக் கேட்பதற்கே நம் 2 நிமிடம் போய்விடும் என்றால், டாக்டர்களின் எண்ணிக்கை பெருக வேண்டும். அதுவரை நர்சும் மருந்து கொடுப்பவரும் விளக்கிச் சொல்லட்டும். மருந்தைப் பற்றி விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ம் ஆண்டு விதிமுறைகளே கூறுகின்றன.

ஊசி மோகம்

நம் மேலும் குறை உண்டு. ஊசி போட்டால்தான் நமக்குத் திருப்தி! சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஊசி தேவையில்லை. "ஊசி வேண்டாம். ஓய்வு எடுங்கள். மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள்" என்று பொறுமையாகச் சொல்லும் டாக்டரை விட்டுவிட்டு, ஊசி போடுகிறவரைத் தேடி ஓடுகிறோம். இனிக்கப் பேசுவதும் ஊசி போடுவதும் வைத்தியம் ஆகாது. நமக்குப் புரிய வைப்பவரே நல்ல டாக்டர்.

கேட்பது உரிமை

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியது. சிகிச்சை என்ன, அதனால் வரும் ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்பதை விளக்கிய பிறகே நோயாளியின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்றது. சோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்து ஆபரேஷன் செய்யக்கூடாது என்றும் சொன்னது. உயிருக்கு ஆபத்தான அவசர நேரம் மட்டுமே விலக்கு.

ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேளுங்கள்: எனக்கு என்ன நோய்? இந்த மருந்து எதற்கு? எப்போது, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும்? உங்கள் வேலையையும் சாப்பாட்டு நேரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். புரியாதவரும் தலையை ஆட்டிவிடுவார்! "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்று கேளுங்கள். அந்த டிரைவர் "ராத்திரி 8 மணிக்கு மாத்திரை, 12 மணிக்குச் சாப்பாடுங்க" என்று சொன்னால், உங்களுக்கே தூக்கிவாரிப் போடும். ஆபத்தும் அங்கேயே நீங்கிவிடும்.